மூன்று கிராம் எங்கே போயிற்று

முத்திரை சாரிடம் யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுத் தொலைத்தால் போச்சு. "எதோட ஒப்பிட்டுக் கேக்கறீங்க? நேத்தோடயா, போன வருஷத்தோடயா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட முகத்தோடு, "இல்ல சார், சும்மா கேட்டேன்" என்று நழுவப் பார்ப்பார். சும்மா கேட்பதற்கு எதற்கு ஒரு கேள்வி என்பது இவருக்குத் தீராத வியப்பு.

முப்பத்தாறு வருஷம் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய மனிதர். எடை அளவு ஆய்வாளர் என்று அந்த வேலைக்குப் பெயர். கடைத்தெருவின் ஒரு முனையில் இவர் தலை தெரிந்தால் மறுமுனையில் எடைக்கற்கள் அவசரமாக இடம் மாறும். அடிப்பக்கம் குடைந்து ஈயத்தை எடுத்த கல், தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகு, பேசிக்கொண்டே முழங்காலால் தட்டைத் தாங்கிப் பிடிக்கிற சாமர்த்தியம் எல்லாம் பார்த்தவர். அவருடைய சட்டம் ரொம்பச் சின்னது. வெறும் தட்டில் முள் நடுவில் நிற்க வேண்டும். ஒரே எடையை மூன்று முறை வைத்தால் மூன்று முறையும் ஒரே பதில் வர வேண்டும். வந்தால் முத்திரை. வராவிட்டால் யார் வந்து சிபாரிசு செய்தாலும் கிடையாது. ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது, வயது எழுபத்தொன்று. உத்தியோகம் போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டு விட்டது.

இடுப்பு வலி வந்தது ஓய்வுக்குப் பிறகுதான். முதலில் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு நிரந்தரமாகவே தங்கிவிட்டது. அவர் குடியிருப்பதோ இரண்டாவது மாடி, நாற்பத்து நான்கு படி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவரே தேடிப் பிடித்து, இதை விட்டால் வேறு வீடு இல்லை என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிய வீடு. மூன்று பக்கமும் ஜன்னல். ஒன்றில் பேருந்து திரும்புகிற முனை, ஒன்றில் கடைத்தெரு, ஒன்றில் வெறும் ஆகாசம். காலையில் எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்று பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது அவருடைய நாளின் முதல் வேலை. அந்த வீட்டின்மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் படியேறும்போது முதல் மாடித் திருப்பத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். முதல் மாடிக்காரர்கள் இரண்டு பேர் தோள் கொடுத்து மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். விஷயம் வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போயிற்று. எப்படிப் போகாமல் இருக்கும்?

"போதும்ப்பா அந்த மாடி. பின்பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் கிளம்பி வந்துடுங்க," என்றாள் மகள்.

"எனக்கு என்ன வந்துடுச்சு இப்ப?"

"என்ன வந்துடுச்சா? படியில சிலை மாதிரி நின்னீங்களாமே."

அப்பாவும் மகளும் ஒரே அச்சு. இரண்டு பேரும் விட்டுக் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் மகளே வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். முதுகுவலிப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள், டாக்டர் பார்த்தார், பிறகு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையில் அட்டையும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க சார். மொத்தம் இருபத்தஞ்சு கேள்வி. சிரமமே இல்லைன்னா நாலு மார்க். முடியவே இல்லைன்னா சைபர். நடுவுல கொஞ்சம், மிதமா, ரொம்பன்னு மூணு இருக்கு."

"ஆக மொத்தம் நூறு."

"நூறு."

"என்ன நூறு?"

"நூறுன்னா... நூறுதான் சார்."

"கிலோவா, மீட்டரா? நூறுக்குப் பின்னால ஒரு அலகு இருக்கணும் இல்ல?"

பக்கத்தில் இருந்த மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "வாழ்க்கைத் தரம் சார். வலியோட எப்படி வாழறீங்கங்கறதை அளக்கறோம்," என்றாள்.

விடுவாரா? "கொஞ்சத்துக்கும் மிதத்துக்கும் நடுவுல இருக்கற தூரமும், மிதத்துக்கும் ரொம்பவுக்கும் நடுவுல இருக்கற தூரமும் ஒண்ணுதான்னு யாரு அளந்தது?"

இந்த மாதிரிக் கேள்விக்கு மனிதர்கள் கோபப்படுவார்கள் என்பது அவர் அனுபவம். இவள் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். "யாரும் அளக்கல சார். ஸ்கேன்ல உங்க எலும்பு எனக்குத் தெரியுது. நீங்க காலையில கட்டில்லேருந்து எப்படி எழுந்திருக்கறீங்கன்னு தெரியல. அதுக்கு உங்களைக் கேக்கறதைத் தவிர எங்கிட்ட வேற தராசு இல்ல."

இந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. தன் கருவியின் குறையைத் தானே சொல்கிற ஆளை அவர் கடைத்தெருவில் கண்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஒழுங்காகப் பதில் சொன்னார். குனிந்து செருப்பு வாரை மாட்டுவது? சிரமமே இல்லை. தண்ணீர் வாளியைத் தூக்குவது? சிரமம் இல்லை. படுக்கையை உதறிப் போடுவது? இல்லை. கடைக்குப் போய்ச் சாமான் தூக்கி வருவது? இல்லை. வலி எவ்வளவு என்று தனியாக ஒரு கேள்வி, பத்துக்கு எத்தனை என்று. நாலு என்றார். கூட்டிப் பார்த்ததில் எண்பத்தாறு வந்தது.

"எண்பத்தாறா!" என்றாள் மகள், ஏதோ மோசடி நடந்துவிட்ட குரலில்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி கேப்போம்," என்றாள் பிசியோ பெண். "அறுபதுக்குக் கீழ போச்சுன்னா, வீட்டுல என்ன மாத்தணும்னு குடும்பத்தோட உக்காந்து பேசுவோம்."

மகள் அந்த அறுபதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "சரிப்பா. உங்களுக்கு நம்பர்தானே பேசும்? மூணு மாசம் கழிச்சு அறுபதுக்குக் கீழ வந்தா மறுபேச்சு கிடையாது. மாடியைக் காலி பண்ணிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும். மேல இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன்."

"சரி," என்றார். எண்பத்தாறு எங்கே, அறுபது எங்கே! கிளம்பும்போது நிரப்பாத படிவங்கள் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டார். தராசு சரியா என்று ஒரே தடவையில் சொல்லிவிட முடியாது என்பது அவர் சித்தாந்தம்.

வீட்டுக்கு வந்து சோதனையை ஆரம்பித்தார். ஒரு வாரம் காலை, மதியம், மாலை என்று உட்கார்ந்து நிரப்பினார். எண்பத்து நாலு, எண்பத்தேழு, எண்பத்தாறு. மழை பெய்த அன்று எண்பத்து மூன்று. படிவங்கள் தீர்ந்ததும் நோட்டில் கோடு போட்டு எழுதினார். "நல்ல தராசுதான்," என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவருடைய செருப்பைக் காலருகே திருப்பி வைத்துவிட்டு, வாரை மாட்டிவிட்டுக்கொண்டே, "அப்பாடா, எதையாவது ஒண்ணை நல்லதுன்னு சொன்னீங்களே," என்றாள்.

இரண்டாவது மாதக் கடைசியில் மனைவியின் அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. கூட இருக்க ஆள் இல்லை. நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று புறப்பட்டாள். சமைத்து டப்பா டப்பாவாக ஃபிரிஜ்ஜில் அடுக்கி, எந்த டப்பா எந்த வேளைக்கு என்று காகிதம் ஒட்டி, புது ஆயின்ட்மென்ட் டியூப் ஒன்றை அலமாரியில் அவர் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அப்போது வயது அறுபத்தாறு. இது நமக்குத்தான் இங்கே சொல்லத் தோன்றுகிறது. முத்திரை சாருக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் நாள் மாலை படிவம் போட்டார். ஐம்பத்தொன்று.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினார். ஐம்பத்தொன்றுதான். மறுநாள் காலை நாற்பத்தெட்டு. மாலை நாற்பத்தேழு. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று ஜன்னல்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். வீடு கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. ஆனால் பயத்தைவிட அவருக்குக் குடைச்சல் கொடுத்தது வேறு: நேற்றுவரை ஒழுங்காக நின்ற முள் ஒரே நாளில் எப்படிச் சாயும்?

வலி கூடியிருக்குமோ? வலிக்கு அவர் இப்போதும் நாலுதான் போட்டிருந்தார். தன் வாயையே நம்பாத மனிதர் அல்லவா, அதற்கும் ஒரு சோதனை வைத்தார். வலி கூடினால் ஆயின்ட்மென்ட் கூடச் செலவாகும். சமையலறையில் ஒரு கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசு இருந்தது, அதை அவரே மாதம் ஒரு முறை சரிபார்ப்பார். டியூபை அதன்மேல் வைத்தார். புது டியூப் மூடியோடு அறுபத்தொரு கிராம். ஒரு நீளக் கரண்டியின் பின்பக்கத்தில் பிதுக்கி, எப்படியோ வளைந்து நெளிந்து முதுகில் இழுவிக்கொண்டார். ஐம்பத்தொன்பது. அடுத்த நாள் ஐம்பத்தேழு. பிறகு ஐம்பத்தைந்து. நாளுக்கு இரண்டு கிராம், பிசகவே இல்லை. ஆக வலி கூடவில்லை.

அப்படியானால் தனிமையா? மனைவி இல்லாத ஏக்கமா? நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சாயங்காலம் போனில் பேசும்போது, "நீ போனதுலேருந்து எனக்கு நாப்பது மார்க் குறைஞ்சிடுச்சு, தெரியுமா?" என்று குழைந்தார்.

"இந்த வயசுல என்ன பரீட்சை எழுதறீங்க? மூணாவது டப்பாவைத் தீர்த்தீங்களா இல்லையா?" என்றாள் அவள்.

போனை வைத்ததும் மேசைமேல் பழைய படிவம் ஒன்று, புதுப் படிவம் ஒன்று, அடுத்தடுத்து வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். தனிமையாக உணர்கிறீர்களா என்ற கேள்விக்கு இரண்டிலும் 'இல்லவே இல்லை' என்றுதான் போட்டிருந்தார். இதை அவளிடம் சொல்லாமல் இருப்பது நல்லது என்று தோன்றியது. தூக்கம், எரிச்சல், பயம், மனசு, ஒன்பது கேள்விகளில் ஒரு மாற்றமும் இல்லை. விழுந்ததெல்லாம் மீதிப் பதினாறில். செருப்பு வார். வாளி. படுக்கை. கடைச் சாமான். நின்றுகொண்டு பாத்திரம் கழுவுவது. தரையில் விழுந்ததைக் குனிந்து எடுப்பது. ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் படியேறி இறங்குவது.

விரலைச் செருப்பு வார் என்ற வரியின்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு போட்ட நாட்களில் அவர் செருப்பு வாரை மாட்டியதே கிடையாது. வாளியைத் தொட்டது கிடையாது. படுக்கை அதுவாக விரிந்து கிடக்கும், சாமான் அதுவாகப் படியேறி வரும். சிரமமா என்று கேட்டபோது சிரமமே இல்லை என்று சொன்னது பொய்யும் இல்லை. செய்யாத வேலையில் என்ன சிரமம்? முப்பத்தாறு வருஷம் ஊரான் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்த மனிதர், தன் தட்டை ஒருத்தி தாங்கிக்கொண்டு நின்றதைப் பார்க்கவில்லை. அசடு வழிந்தது அவருக்கு. நல்லவேளை, எதிரே யாரும் இல்லை.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. டியூபை எடுத்து வைக்கப் போனபோது அதில் அச்சிட்டிருந்த 'ஐம்பது கிராம்' கண்ணில் பட்டது. திறக்கும் தேதியை டியூபின் மேல் பேனாவால் எழுதுவது அவர் பழக்கம். போன டியூபைத் திறந்த தேதி அவருக்கு நினைவிருந்தது. சரியாகப் பத்து நாளில் தீர்ந்தது அது. அதற்கு முந்தினதும் அப்படித்தான். நாளுக்கு இரண்டு கிராம் என்றால் இருபத்தைந்து நாள் வர வேண்டும். பத்து நாளில் தீர்ந்தால் நாளுக்கு ஐந்து கிராம். மீதி மூன்று கிராம் எங்கே போயிற்று?

மனைவியின் கை தாராளமாக இருக்கலாம், தேய்க்கும்போது அள்ளிப் பூசுகிறாளோ என்னவோ. தீர விசாரிக்காமல் யார்மேலும் பழி போடுகிறவர் அல்ல அவர். அவள் திரும்பி வருகிறவரை பொறுத்தார்.

வந்தாள். வந்ததும் வராததுமாகப் பையைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல திரும்புங்க, முதுகைக் காட்டுங்க," என்றாள். அவள் தேய்ப்பதற்கு முன் டியூபின் எடை ஐம்பத்து மூன்று. தேய்த்துவிட்டுக் கை கழுவப் போனதும் ஓடிப்போய் வைத்துப் பார்த்தார், ஓட்டம் என்றால் அவர் இடுப்புக்குத் தகுந்த ஓட்டம். ஐம்பத்தொன்று. அதே இரண்டு கிராம்தான். சிக்கனமான கை.

மறுநாள் காலை மறுபடி வைத்தார். நாற்பத்தெட்டு.

அன்று காலை முழுவதும் ஜன்னல் பக்கம் போகாமல் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மனைவியைக் கவனித்தார். ஒரு துணி கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. வலது கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கி, முழங்காலை மடித்து மேலே தூக்கி, கையில் வாங்கிக்கொண்டாள். இந்த வித்தையை அவர் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். சோம்பேறித்தனம் என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறார். பாத்திரம் கழுவும்போது நடுநடுவே முழங்கைகளை மேடையில் ஊன்றிக்கொண்டு ஐந்தாறு மூச்சு நின்றாள். குப்பைக்கு ஒரு தடவை, பாலுக்கு ஒரு தடவை, மறந்துபோன சாமானுக்கு ஒரு தடவை என்று மதியத்துக்குள் மூன்று தடவை அந்த நாற்பத்து நான்கு படியை இறங்கி ஏறினாள்.

நாலாவது தடவைக்குப் பையை எடுத்தபோது டியூபைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"மூணு கிராம் எங்க போச்சு?"

"என்னங்க இது, திருட்டுக் கேஸா?"

"நேத்து நீ எனக்குத் தேச்சது ரெண்டு கிராம். காலையில இன்னும் மூணு குறையுது."

அவள் டியூபைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மேடையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "நிறுத்துப் பாத்தீங்களா? நீங்க நிறுத்துத்தான் பாப்பீங்க. எனக்கும்தாங்க இடுப்பு. நான் என்ன மரமா?"

"எவ்வளவு நாளா?"

"அவ கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து."

மகள் கல்யாணம் நடந்து பதினாறு வருஷம். அவருடைய வலியைவிடக் குறைந்தது மூன்று வருஷம் மூத்த வலி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத்தான் இருக்கே. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா?" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டவள் வாசலில் நின்றாள். "இங்க பாருங்க. இதையெல்லாம் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில கொட்டிக்கிட்டு இருக்காதீங்க. போனோமா, எண்பத்தாறு சொன்னோமா, வந்தோமான்னு இருங்க. இந்த வீடுன்னா உங்களுக்கு உயிர். நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு இருபது நாள் அவர் பட்ட பாட்டை என்ன சொல்ல? ஆசை யாரை விட்டது! எண்பத்தாறு என்று சொல்வதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில். மூன்று ஜன்னல், காற்று, ஆகாசம். அவளும் இந்த வீட்டில் சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லையே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டார். நடுவில் ஒருநாள் வாளியைத் தானே தூக்கிப் பார்த்து, பாதி வழியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஓடிவந்து, "உங்களை யாரு தூக்கச் சொன்னது?" என்று வாளியை வாங்கிக்கொண்டாள். அவள் அதைத் தூக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். பார்த்தபின் எண்பத்தாறு வாயில் வர மறுத்தது.

ஆஸ்பத்திரிக்கு மகளும் வந்திருந்தாள். அறைக்குள் நுழையும்போது மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றாள்.

பிசியோ பெண் ஆரம்பித்தாள். "குனிஞ்சு செருப்பு வாரை மாட்டறது?"

"முடியல. அவதான் மாட்டி விடறா. போன தடவை தப்பாச் சொல்லிட்டேன்."

பின்னால் மனைவி நாற்காலியில் அசைவது கேட்டது. அவர் திரும்பவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் தான் ஒற்றை ஆளாக என்ன முடியும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார். கூட்டினால் நாற்பத்தாறு.

மகள் ஜெயித்துவிட்டாள். ஆனால் முகத்தில் ஜெயித்த களை இல்லை. "இவ்வளவு மோசமாவாப்பா இருந்தீங்க? சரி, பேச்சு பேச்சா இருக்கணும். அடுத்த வாரமே வண்டி வச்சுடறேன்."

"இரு," என்றார். பிசியோ பெண்ணிடம், "இன்னொரு ஃபாரம் எடுங்கம்மா. இவளையும் கேளுங்க," என்றார்.

"எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல," என்று எழுந்தே விட்டாள் மனைவி.

பிசியோ பெண் அவளை உட்கார வைத்தாள். முதலில் ஒன்றும் தேறவில்லை. தண்ணீர் வாளி தூக்குவீர்களா? தூக்காம? படி ஏறுவீர்களா? ஏறாம எப்படி வீட்டுக்குப் போறது? சிரமமா? சிரமம்னு உக்காந்தா யாரு செய்யறது? அந்தக் காகிதத்தில் இந்தப் பதில்களுக்குக் கட்டமே இல்லை. முத்திரை சாருக்கு நாக்கு துறுதுறுத்தது. கால் விரலையும் முழங்கையையும் மூன்று கிராமையும் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டார். சோதனையின்போது மேசையைத் தொடக் கூடாது.

பிசியோ பெண் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அம்மா, நீங்க செய்யறீங்களான்னு நான் கேக்கல. செய்யறப்ப உள்ள எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

மனைவி இடுப்பில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, "யாரோ கத்தியை வச்சுத் திருகற மாதிரி இருக்கும்," என்றாள், ரொம்பச் சாதாரணமாக. அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. காலையில் எழுந்தால் பத்து நிமிஷம் சுவரைப் பிடித்து நின்றால்தான் கால் நகரும். கூட்டினால் நாற்பத்தொன்று. வலிக்குப் பத்துக்கு ஏழு.

கடைசியில் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி இருந்தது. இப்போது இருக்கிற வாழ்க்கையில் எதை முதலில் மாற்ற நினைக்கிறீர்கள்?

"படி," என்றாள் மனைவி. சொன்னதும் சடாரென்று கணவனைப் பார்த்தாள், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது போல.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயாவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா? கிளம்பி வாங்க ரெண்டு பேரும். அங்க வந்தா நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம்."

"உன் வீட்டுலயும் துணி காயப்போடறது மாடியிலதான்டி. போன தடவை பன்னெண்டு நாள் இருந்தேன். பன்னெண்டு நாளும் நான்தான் காயப்போட்டேன்."

"நீதானேம்மா, நான் பண்றேன் நான் பண்றேன்னு..."

"ஆமா, நான்தான் சொன்னேன். அங்க வந்தா மறுபடியும் சொல்லுவேன். என்னால சும்மா இருக்க முடியாது."

நாற்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் கேட்காத ஒரு கேள்வியை முத்திரை சார் அந்த அறையில், மூன்றாம் மனுஷி முன்னால் கேட்டார். "உனக்கு எங்க இருக்கணும்னு ஆசை?"

"நம்ம தெருவுலயே, தரையோட தரையா ஒரு வீடு இருந்தாப் போதும்," என்றாள். யோசிக்கக்கூட இல்லை. எத்தனை வருஷமாக அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தாளோ, யார் கண்டது.

பிசியோ பெண் இரண்டு பேருக்கும் பயிற்சி எழுதிக் கொடுத்தாள். செருப்பு வாரை இனி அவரேதான் மாட்ட வேண்டும், பத்து நிமிஷம் ஆனாலும் சரி என்று கண்டிப்பாகச் சொன்னாள். மகள் ஒரு வாரம் தங்கி வீடு தேடினாள். அதே தெருவில் எட்டு வீடு தள்ளி ஒரு கீழ்வீடு காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தார்கள். முன்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கையை நீட்டித் தொட்டுவிடலாம். படுக்கையறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. முத்திரை சார் ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று பார்த்தார். எந்த மூலையிலும் நாற்காலி போடுகிற மாதிரி இல்லை.

மனைவி முன்வாசலில் நுழைந்து, சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போய், திரும்பி வந்தாள். மறுபடியும் ஒரு தடவை போய் வந்தாள். வாசற்படிகூட இல்லாத வீடு. தரை ஒரே மட்டம்.

"என்னங்க, பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. "பிடிக்கல," என்றார்.

"தெரியும்," என்றாள். குரலில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. "எனக்கு அந்த மாடி வீடு பிடிச்சதே இல்ல. முதல் நாள்லேருந்து."

அவர் அவளையே பார்த்தார். "இருபத்தாறு வருஷமாவா?"

"நீங்க ஒவ்வொரு ஜன்னலா போய் நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? எனக்குப் பழகிடுச்சு. உங்களுக்கும் பழகிடும்."

முத்திரை சார் வெளியே வந்து, வாசலில் சாவியோடு நின்ற வீட்டுக்காரரிடம், ஒன்றாம் தேதி வந்துவிடுகிறோம் என்றார்.